மச்சான் தேய்த்த வானம்

போன ஞாயிற்றுக்கிழமை கடலூரில், ஒரு மண்டபத் தூணுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். யாருக்கும் பயந்து அல்ல. அந்த மண்டபத்தில் நான் செய்த படம் ஒன்று மாட்டியிருந்தது. அவ்வளவுதான்.

என் கூச்சம் உங்களுக்குப் புதிதில்லை. இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான். எழுதும்போது உங்கள் முகம் தெரிவதில்லை என்பதால்தான் வாரா வாரம் இவ்வளவு பேசுகிறேன்.

தொழில் பெயிண்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அப்புறம் வாளியைப் பிடித்தேன்... இன்னும் விடவில்லை. சிதம்பரத்தில் நான் பட்டி பார்த்துப் பள்ளத்தை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மழமழப்பாக்கிய சுவர் இல்லாத தெரு குறைவு. ஒரு சுவரிலும் என் பெயர் கிடையாது. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

கெடுத்தவள் என் மகள் மலர். கடலூரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஓவியக் கண்காட்சி ஒன்று வருகிறது, யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாம் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

“மிக்ஸ்டு மீடியாப்பா. பெயிண்ட் மட்டும்னு இல்ல, மண்ணு, நாரு, எலை எது வேணாலும் ஒட்டலாம். தொட்டா சொரசொரன்னு நெசம் மாரி இருக்கணும். நீங்கதான் பட்டியில கில்லாடியாச்சே.”

“சரி, செஞ்சி குடுத்துடறேன். நீயே எடுத்துட்டுப் போயி வச்சிடு.”

“அதான் நடக்காது. நீங்க வந்து படத்துப் பக்கத்துல நிக்கணும். யாராவது கேட்டா, ‘நான்தான் செஞ்சேன்’னு உங்க வாயால சொல்லணும். சத்தியம் பண்ணுங்க.”

பண்ணித் தொலைத்தேன்.

பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டைச் செய்வது என்று முடிவு. தண்ணீர் வற்றும் நேரத்தில் தெரியும் சேறு, அதில் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை வேர்கள், மேலே இலைக்கூட்டம். நாலடிக்கு மூன்றடி பிளைவுட். வேருக்குத் தேங்காய் நார். கரை மணலுக்கு ரவை.

ரவை வேண்டாம் என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை கரை முழுக்க எறும்பு.

“எறும்புக்குப் படம் புடிச்சிருக்கு” என்றாள். “மனுசங்களுக்குப் புடிக்குமான்னு பாக்கலாம்.”

அப்புறம் சில்வர் பீச் மணலையே மலரைக் கொண்டுவரச் சொன்னேன்.

உண்மையான தலைவலி சேறுதான். காய்ந்த சேறு என்றால் வெடிப்பு விட வேண்டும். ‘பட்டி வெடிச்சிருக்குய்யா’ என்று எத்தனை வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். இப்போது வேண்டும் என்று கேட்கிறேன் – ஒரு கீறல் விழவில்லை. பட்டியைத் தடிமனாக அப்பிவிட்டு நிமிர்வதற்குள் என் வலது கை தானாகவே தகடால் இழுத்துச் சமன் செய்துவிடும். கையை நாலு முறை திட்டினேன். கேட்கவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. அதன் மேல் என்ன தப்பு?

கடைசியில் இடது கையால் போட்டேன்.

இடது கைக்கு எதுவும் தெரியாது. அது அப்பியது அப்பியபடியே நின்றது. பத்து நாள் வெயிலில் வைத்தேன். வெடித்தது பாருங்கள்... கோடைக்காலத்து ஏரி மாதிரி. அதன்மேல் சாம்பலும் பழுப்புமாகக் கரைத்துவிட்டேன். மேலே உமியையும் காய்ந்த இலைகளையும் ஒட்டிக் காட்டை முடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் பிச்சாவரம். அன்றைக்கு மட்டும் நான் யாரிடமும் கூச்சப்படவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஞாயிறு காலை. படத்தைக் கடலூருக்கு ஏற்றிப்போக என் மச்சான் தேவராசு கீரப்பாளையத்திலிருந்து லோடு ஆட்டோவோடு வந்தான். மனைவியின் தம்பி. அவனும் பெயிண்டர்தான். என்னைவிட வேகம் ஜாஸ்தி. சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று, பலகை சாய்த்திருந்த வாசலிலேயே அவனை விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அங்கே கூட்டம், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தால் இரண்டு டிரம் மேல் என் பலகை படுத்திருக்கிறது. மச்சான் தலை முதல் கால் வரை வெள்ளையாக நிற்கிறான். கையில் உப்புத்தாள்.

“வா மாமா. எந்தக் கத்துக்குட்டிகிட்ட குடுத்த இந்தப் பலகைய? ஒரே மேடும் பள்ளமும். ஈரத்துல குப்பை வேற பறந்து வந்து ஒட்டிக்கிச்சி. எலை, உமி, எல்லாத்தயும் சொரண்டிட்டேன். தேச்சி ஒரு கோட் பிரைமர் குடுத்துருக்கேன்.”

நான் குனிந்து, தரையில் கிடந்த ஓர் இலையை எடுத்தேன்.

“பேப்பரு தீந்து போச்சி மாமா, இல்லன்னா முழுசும் முடிச்சிருப்பேன். கோச்சிக்காத” என்றான். வருத்தமாகத்தான் சொன்னான். அப்புறம் கேட்டான். “ஆமா, படம் எங்க? உள்ள இருக்கா?”

“மச்சான்... இதான் படம்.”

அவன் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் பலகையைப் பார்த்தான்.

“படம்னியேன்னு சாமி படம் மாரி எதாவது இருக்கும்னு நெனச்சேன் மாமா.”

திட்டலாம் என்று நாக்கு வரை வந்தது. எப்படித் திட்டுவது? மேடு பள்ளத்தைப் பார்த்தால் தேய்க்கணும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். பலகையில் கீழ்ப்பாதி பிழைத்திருந்தது. மேல்பாதி மழமழவென்று வெள்ளை. அந்த ஒரு கோட் பிரைமருக்குப் பின்னால் மரங்களின் கறை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நேரமில்லை. அப்படியே ஏற்றினோம்.

மண்டபத்தில் மலர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மேல மூடுபனியாப்பா? சூப்பரா இருக்கு” என்றாள்.

“ம்” என்றேன்.

வருகிறவர்களை வரவேற்க அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் தூணுக்குப் பின்னால் போனேன். சத்தியம்? தூணுக்கும் படத்துக்கும் ஆறடிதான். பக்கம்தானே?

மச்சான் மட்டும் படத்தருகில் நின்றான். ஆணி தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஓர் அம்மா வந்தார். ஓவிய டீச்சர் போல, தோளில் ஜோல்னாப் பை. ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு வியர்த்தது.

“இந்தப் பனி ரொம்ப நல்லாருக்குங்க. யார் செஞ்சது?”

“மேல இருக்கறது நான் செஞ்சதுங்க” என்றான் மச்சான். பொய் இல்லையே.

“அப்படியா? என்ன டெக்னிக்?”

“எம்பதாம் நம்பர் பேப்பர்ல மொதல்ல தேய்க்கணும். அப்பறம் நூத்தியிருவது. காய விட்டு ஒரு கோட்.”

அந்த அம்மா பையிலிருந்து நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார். நான் தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கீழ இந்தச் சேறு?”

மச்சான் குனிந்து பார்த்தான். தொழில்காரன் முகத்தோடு தலையை ஆட்டினான்.

“அது முடியாத வேலைங்க. டைம் இல்ல. ரெண்டு கோட் பட்டி பாத்தா சரியாயிடும்.”

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வந்துவிட்டேன்.

“முடிஞ்ச வேலதாங்க அது” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். “நான்தான் செஞ்சேன். அந்த வெடிப்பு தானா வரல, பத்து நாள் வெயில்ல வச்சி வர வச்சது. சோத்துக் கையி கேக்கல, பீச்சாங்கையால போட்டேன். வேரு தேங்கா நாரு. மணலு சில்வர் பீச்சு. ரவ போட்டா எறும்பு வரும், போடாதீங்க.”

எறும்பு வரைக்கும் சொல்லியிருக்க வேண்டாம். நிறுத்தத் தெரியவில்லை.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “தொட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

“தொடத்தாங்க செஞ்சது.”

கண்ணை மூடிக்கொண்டு தடவினார். வெடிப்பின் ஓரமாகவே விரல் போய் வேரில் நின்றது.

“பிச்சாவரமா?”

நான் தலையை ஆட்டினேன். வாசல் பக்கம் திரும்பினால் மலர் அங்கேயே நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்னும் கேட்கவில்லை. கூச்சம்.

கூச்சம் போக என்னென்னவோ யோசனை சொல்வார்கள். மூச்சை இழு, கண்ணாடி முன்னால் பேசு... எல்லாம் செய்து பார்த்தவன் சொல்கிறேன், ஒன்றும் வேண்டாம். நீங்கள் உயிரைக் கொடுத்து முடித்த வேலையை, பக்கத்தில் நிற்கிற உங்கள் ஆளே ‘இது இன்னும் முடியல’ என்று சொல்ல வேண்டும். நாக்கு தானாக அவிழும்.

மச்சான் இப்போது கீரப்பாளையத்தில் எல்லாரிடமும், “கடலூர் எக்ஸிபிஷன்ல என் பனி வச்சிருந்தாங்க” என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். நியாயம்தான்.

படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மச்சான் வந்தால் முதலில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, உப்புத்தாள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விடுகிறோம்.