சுவரில் ஒட்டிய பெருந்தமனி

குளூஜ் நகரத்து மருத்துவமனையில் எம்ஆர்ஐ எந்திரத்தை இயக்குபவள் ஸ்மரந்தா. மாடியேறினால் மூச்சு வாங்கும், சிகரெட்டைத் திட்டிக்கொள்வாள்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் ரத்தம் ஓடும் விதத்தை வண்ணக் கோடுகளாகப் பார்க்கும் ஆராய்ச்சி அங்கே தொடங்கியபோது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத உடம்பு ஒன்று தேவைப்பட்டது. அதற்கு வெளியாளைத் தேடும் வழக்கமில்லை. கூட வேலை செய்பவர்களில் ஒருவர் படுத்துக்கொள்வார். ஸ்மரந்தா படுத்தாள்.

"அக்கா ரத்தம் நம்ம ஊர் ரயிலைவிட ஒழுங்கா ஓடுது" என்று டாக்டர் லிவியு சிரித்தார். அதுதான் முதல் படம்; சரியா என்று பார்க்க வேறு படம் இல்லை. 'இயல்பானது' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். வந்த நோயாளிகளையெல்லாம் அதோடு ஒப்பிட்டே அனுப்பினார்கள்.

இந்த வசந்தத்தில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் தெக்லா அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டார். "ரத்தம் இப்படிச் சுழிச்சு ஓடுதே, வால்வுல கோளாறு. இந்த நோயாளிக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா?"

லிவியு ஸ்மரந்தா பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அக்கா, உக்காருங்க."

ஸ்மரந்தா உட்காரவில்லை. "என்னை விடுங்க டாக்டர். என்னை மாதிரியே இருக்குன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புனோமே, அவங்களை எப்பக் கூப்பிடப் போறீங்க?"