வெள்ளிக்கிழமை நின்றுபோன கணினிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் கிடக்கிறது. வளையலைவிடக் கொஞ்சம் பெரியது. எண்பதுகளின் தொடக்கத்தில், கணினி நாடாச் சுருளின் முதுகில் இதை மாட்டினால்தான் அதில் எதையும் எழுத முடியும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான். கொடுத்தவர் பாய். சிராங்கூன் சாலையோரம் ஒரு மொத்த வணிக நிறுவனத்தின் கணினி அறையில் நாங்கள் இருவரும் ஆப்பரேட்டர்கள். ஷிப்டுக்கு ஒருவர்: காலையில் அவர், மாலையில் நான்.

அந்த இயந்திரம் சரியான செல்லப்பிள்ளை. ஒரு வேலை முடிந்ததும் பக்கத்தில் ஆள் இருந்து அடுத்ததைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அசையாது. பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பாயால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போக முடியாது. சனி மாலை தேவாலயத்தில் நடக்கும் நவநாள் ஜெபத்துக்கு அம்மாவோடு போக என்னாலும் முடியாது. நான் புலம்பித் தீர்த்துவிடுவேன். அவர் தொப்பியை இழுப்பறையில் தள்ளி மூடுவார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. எங்கிருந்தோ நாடாவில் வந்த ஓர் இலவச நிரலைப் பிரித்து மேய்ந்து, வேலைகளைத் தானே வரிசையாக ஓட்டும்படி மாற்றினார். தான் தொழுகைக்குப் போகும் நேரத்தில் ஏதும் கெட்டுவிடக் கூடாதென்று, வெள்ளி ஒரு மணியிலிருந்து இரண்டு வரை புது வேலை எதையும் தொடங்காதே என்றும் அதற்குள் எழுதிவைத்தார். மற்ற நேரம் இடைவிடாமல் ஓடுவதால் அந்த ஒரு மணி நேரத்தை அதுவே ஈடுகட்டிவிடும். முதல் வெள்ளி அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பிய அழகைப் பார்க்க நான் சீக்கிரமே ஷிப்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை தோற்றார், போங்கள்.

மாதம் ஒருமுறை பல அலுவலக ஆப்பரேட்டர்கள் காப்பிக் கடையில் கூடி நாடாக்களைப் பரிமாறிக்கொள்வோம். எல்லாரும் வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். பாய் மட்டும் மாட்டியே கொடுப்பார். "கழட்டிட்டுக் குடுத்தா அவுங்க திருத்தினத எப்படி இதிலேயே எழுதி அனுப்புவாங்க?" என்பார். அப்படித்தான் தன் நிரலையும் கொடுத்தார். கொடுத்த அவசரத்தில் தன் வெள்ளிக்கிழமையை அதிலிருந்து எடுக்க மறந்துபோனார், மனுஷன்!

அடுத்த வெள்ளி ஒரு மணிக்கு எத்தனையோ அலுவலகங்களில் கணினிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. பாய் தொழுதுவிட்டுத் திரும்பியதும் ஓர் ஆப்பரேட்டர் போனில் அலறினார்: "பாய், என் மெஷினும் தொழுவப் போயிடுச்சு லா!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் சீன மேலாளர் சிரிக்கவில்லை. நிரலை நிறுத்து, யாருக்கும் கொடுக்காதே, வெள்ளியன்று இடத்தைவிட்டு எழாதே என்றார். பாயின் தொப்பி மறுபடியும் இழுப்பறைக்குள் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சில வாரம் கழித்து ஜூரோங்கிலிருந்து ஒரு சீன ஆப்பரேட்டர் அந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு நேரே மேலாளரிடம் வந்தார். பாயின் வெள்ளிக்கிழமையை அவர் வெட்டி எறியவில்லை. எந்த அலுவலகமும் தனக்கு வேண்டிய ஓய்வு நேரத்தை எழுதிக்கொள்ளலாம் என்று மாற்றியிருந்தார். தன் அலுவலகத்துக்கு அவர் எழுதியிருந்த முதல் நேரம், சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் குடும்ப விருந்து. மேலாளர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு, சரி, ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புதிய நிரலை ஏற்றி, பாய் நேரத்தைத் தட்டினார். வெள்ளியைத்தான் போடுவார் என்று பார்த்தால், சனிக்கிழமை மாலை!

"முதல்ல அம்மாவக் கூட்டிட்டு நவநாளுக்குப் போ தங்கச்சி. என் வெள்ளி எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

பாய் வேலையைவிட்டுப் போன நாளில் இந்த வளையத்தை என் கையில் வைத்தார். "யாருக்கு எது குடுத்தாலும் இத மாட்டிக் குடு" என்றார்.

போன சனிக்கிழமை, எங்கள் ஈசூன் வீட்டில் மகள் மடிக்கணினியும் கையுமாக இருந்தாள். அலுவலகக் கணினிகளையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் ஏதோ மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். "ஃப்ரீதான்மா. கோட் எல்லாமே ஓப்பன். யார் வேணும்னாலும் மாத்தி அனுப்பலாம்," என்றாள். பிறகு எதையோ தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சாட்டர்டே ஈவ்னிங் ஒண்ணும் ஓடாதுன்னு போட்டாச்சு. நவநாளுக்குக் கிளம்புங்கம்மா."

நான் உள்ளே போய் வளையத்தை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது, வளையலா?"

"பாய் குடுத்தது. இனி நீ வச்சுக்க," என்றேன்.