உள்ளே ஆள் இருக்கிறார்

இது கதை இல்லை. நடந்தது. அந்தப் படகு இன்றைக்கும் கரையில் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கிறது. போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அணையின் பெயரைச் சொன்னால் அங்கே பரிசல் போடுகிறவர்களின் பிழைப்பு கெட்டுவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து நாற்பது நிமிடத் தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னிடம் சொன்னவர் வெள்ளைச்சாமி. நடுங்கிக்கொண்டு சொன்னார் என்று நினைக்காதீர்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

வெள்ளைச்சாமிக்கு ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஷிஃப்ட் இன்சார்ஜாக உயர்ந்து, சென்ற வருடம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். மனைவி பூங்கொடி மாவு மில் வைக்கலாம் என்றார். இவர் காதில் வாங்கவில்லை. இவருக்கு மீன் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு உட்கார்ந்து உட்கார்ந்து, சொந்தமாக ஒரு மோட்டார் படகு வாங்கி வலை போடுவது என்று முடிவே செய்துவிட்டார். அணைச் சங்கத்தில் உறுப்பினராகி அனுமதியும் வாங்கினார்.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஃபக்ருதீனின் யார்டில் அந்தப் படகு கிடைத்தது. பதினாறு அடி ஃபைபர் படகு. நீல வண்ணம் வெளுத்துப்போய், அடியில் இரண்டு கீறல். பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திய எஞ்சின்.

“எஞ்சின் ஓடுமா பாய்?”

“சும்மா கிர்ருனு ஓடும்ணே. முன்னாடி வெச்சிருந்தவரு பார்த்துப் பார்த்து வேலை செஞ்சு வெச்சாரு. தண்ணியில எறக்கவே இல்ல.”

“ஏன்?”

ஃபக்ருதீனுக்கு அப்போது போன் வந்தது. பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார். வெள்ளைச்சாமி தார்ப்பாயைத் தூக்கினார்.

எஞ்சினில் ஒரு சிவப்புக் கிளிப் இருக்கும். அதைப் பிடுங்கினால் எஞ்சின் ஓடாது. அந்தக் கிளிப்பில் கம்பி போட்டு ஓர் அட்டை தொங்கியது. சிவப்பு அட்டை. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. எழுதியிருந்த பெயர் தெரியவில்லை. அச்சடித்த எழுத்து மட்டும் தெரிந்தது.

‘உள்ளே ஆள் இருக்கிறார். இயக்காதே.’

மூலையில் ஓர் எண். 15.

தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இயந்திரத்துக்குள் ஒருவர் இறங்கி வேலை செய்தால், அதன் சுவிட்சில் தன் பெயர் எழுதிய இந்த மாதிரி அட்டையை, அதாவது டேக்கை, மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த டேக்கை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. முதலாளியே வந்தாலும் கூடாது. புதிதாக வரும் பையன்களுக்கு வெள்ளைச்சாமியே பத்து வருடம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறார்.

ஆனாலும் சட்டைப் பையிலிருந்து கட்டரை எடுத்தார். கம்பியை வெட்டினார். அட்டையைச் சாமான்களுக்கிடையே விட்டெறிந்தார். பழைய படகில் கிடக்கும் பழைய குப்பை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

படகை அணைக்கரைக்குக் கொண்டுவந்து, பரிசல்காரர் எல்லப்பனின் கொட்டகையில் நிறுத்தினார். பன்னிரண்டு நாள் வேலை. கீறலைத் தேய்த்து, ஃபைபர் ஒட்டி, ரெசின் பூசினார். எஞ்சின் மாட்டும் பின்பலகை இற்றுப்போயிருந்தது. புதுப் பலகை போட்டார். பிளக் மாற்றி, ஆயில் மாற்றி, ஐஸ் பெட்டிக்கு ஓர் இடம் அடைத்து, பெயின்ட் அடித்தார். மனிதர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி திரிந்தார்.

பதின்மூன்றாம் நாள் விடியற்காலை. மணி 5:10. கொட்டகைப் பூட்டைத் திறந்தார்.

கிளிப்பில் அட்டை தொங்கியது.

எண் 16. முந்தையதைப் போல அழுக்கில்லை. பெயரில் பாதி தெரிந்தது.

‘மாரி…’

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. சாவி அவர் இடுப்பில். எல்லப்பனைக் கேட்டார். “நானா? நான் எதுக்குண்ணே உங்க எஞ்சினைத் தொடறேன்?” என்றார் எல்லப்பன்.

வெள்ளைச்சாமி அதையும் வெட்டினார்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். நிறுத்தினால் பூங்கொடியிடம் காரணம் சொல்ல வேண்டுமே என்றார். காரணம் சொல்ல வாயில்லை. இப்போது அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இனி வருவது உங்களுக்குப் புரியாது.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். மூன்றாம் ஷிஃப்ட் முடியப்போகும் நேரம். கன்வேயரில் ஓர் இரும்புத் துண்டு சிக்கிக்கொண்டது. மாரிமுத்து என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி டேக் மாட்டிவிட்டு அடியில் நுழைந்தான். அன்றைக்கு உற்பத்தி குறைவு. ஆறு மணிக்குள் எண்ணிக்கை காட்டியாக வேண்டும். இன்சார்ஜ் வெள்ளைச்சாமி வந்தார். டேக் தொங்குகிறது. ஆளைக் காணோம். வேலையை முடித்துவிட்டுக் கழற்ற மறந்துபோய் டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தார். கட்டரை எடுத்தார். வெட்டினார். பச்சைப் பட்டனில் விரலை வைத்தார்.

சுவரில் மணி 5:42.

விசாரணையில் வெள்ளைச்சாமி ஒரே வரிதான் சொன்னார். “டேக் மாட்டல சார்.” செத்தவன்மேல் தப்பு என்று கோப்பு மூடப்பட்டது. டேக் வெள்ளைச்சாமியின் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டு எரித்தார். எரியும்போது எண்ணைப் பார்த்தார். 14. புள்ளிகளைச் சின்ன வட்டமாகப் போடும் மாரிமுத்துவின் கையெழுத்தையும் பார்த்தார்.

இதோடு முடியவில்லை. இன்னொன்று இருக்கிறது. அதை இவர் பூங்கொடியிடம்கூடச் சொன்னதில்லை. அது பின்னால் வரும்.

டேக்கை இரண்டாம் முறை வெட்டிய மறுநாள், டிசம்பர் 11. பனி என்றால் அப்படி ஒரு பனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. முந்தின நாள் பரிசலில் போய்ப் போட்ட வலையை எடுக்க வேண்டும். கிளிப்பைப் பார்த்தார். அட்டை இல்லை. அப்பாடா என்று படகைத் தண்ணீரில் தள்ளினார். தனியாகத்தான் ஏறினார்.

மணி 5:25.

கரையிலிருந்து எல்லப்பன் குரல் கொடுத்தார்.

“அண்ணே! மூணு பேரும் பின்னாடியே உக்காந்தா முன்பக்கம் தூக்கும். ஒருத்தர முன்னாடி அனுப்புங்க!”

வெள்ளைச்சாமி திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

பனியில் எல்லப்பனுக்குக் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார். ‘டுக்… டுக்… டுர்ர்ர்…’ நல்ல சத்தம். பத்து நிமிடத்தில் வலை கட்டிய மிதவை தெரிந்தது. பக்கத்தில் போனார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. எஞ்சினுக்கு அடியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது.

எஞ்சினை மேலே சாய்த்துத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. புதுப் பெயின்ட் ஒட்டிப் பிடித்திருந்தது.

கிளிப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் விசிறியில் கை வைக்க வேண்டும். பாடம் நடத்தியவருக்கு அது தெரியாதா? அவசரத்தில் பிடுங்கவில்லை. பின்பலகைமேல் குப்புறப் படுத்து, வலதுகையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டார். ஐஸ் மாதிரி குளிர். விசிறி இலைகளுக்கு நடுவே விரலை விட்டு வலையை அறுக்கத் தொடங்கினார்.

நூல் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது.

இழுத்தார். வரவில்லை.

அப்போது படகு பின்பக்கம் தாழ்ந்தது.

ஆள் ஏறினால் தாழுமே… அப்படி.

ஒரு முறை.

இன்னொரு முறை.

தலையைத் திருப்ப முடியவில்லை. ஓரக்கண்ணில் சேஃப்டி ஷூ தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. அந்த ஆள் குனிந்தபோது தலை தெரிந்தது. மஞ்சள் ஹெல்மெட். இன்சார்ஜ் போடும் ஹெல்மெட். பக்கவாட்டில் பெயர் ஸ்டிக்கர்.

வெள்ளைச்சாமி.

அவருடைய ஹெல்மெட். அவருடைய கை. எட்டு வருடத்துக்கு முந்தைய அவரே நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கை எஞ்சின் கயிற்றைப் பிடித்தது.

‘சர்ர்ர்க்…’

எஞ்சின் இருமியது. விசிறி விரலில் இடித்தது.

‘சர்ர்ர்க்…’

“உள்ள இருக்கேன்!”

கத்தினார்.

“அண்ணே… நான் உள்ள இருக்கேன்ணே!”

கத்திய பிறகுதான் உறைத்தது. அது அவருடைய வார்த்தை இல்லை. மாரிமுத்துவின் வார்த்தை. அன்றைக்குக் கன்வேயருக்கு அடியிலிருந்து வந்த வார்த்தை.

ஆமாம். அன்றைக்கு வெள்ளைச்சாமிக்குக் கேட்டிருந்தது.

பச்சைப் பட்டனிலிருந்து விரலை எடுக்க நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

‘சர்ர்ர்க்…’

மூன்றாவது இழுப்பு.

எஞ்சின் கிளம்பவில்லை.

அமைதி.

படகு மெல்ல மேலே எழும்பியது. ஒரு முறை. இன்னொரு முறை.

நூல் தானாகத் தளர்ந்தது. கையை உருவிக்கொண்டு எழுந்தார். யாரும் இல்லை. சிவப்புக் கிளிப் பிடுங்கப்பட்டிருந்தது. அதில் புத்தம்புது அட்டை ஒன்று தொங்கியது. எண் 17. பெயர் இருக்கும் இடத்தில் மை இன்னும் காயவில்லை.

‘வெள்ளைச்சாமி.’

புள்ளிகள் சின்னச் சின்ன வட்டங்களாக இருந்தன.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 5:42.

உள்ளே கை விட்டவனுக்காக எவனோ டேக் மாட்டியிருக்கிறான். எவன் என்று அவருக்குத் தெரியும். அவன் மாட்டியதை இவர் மூன்று முறை வெட்டியிருக்கிறார். நான்காவதை இவருடைய பெயரிலேயே மாட்டி, இவருடைய கையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். பழிவாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றார் வெள்ளைச்சாமி. நடுத்தண்ணீரில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம்.

துடுப்பு போட்டுக் கரைக்கு வந்ததும் ஃபக்ருதீனுக்குப் போன் போட்டார்.

“பாய், இந்தப் போட்டு யாரோடது?”

“உத்தனப்பள்ளியில ஒரு அம்மாண்ணே. பொற்கொடின்னு. வீட்டுக்காரரு ஃபேக்டரியில செத்துட்டாரு. எட்டு வருசமா வீட்டுப் பக்கத்துலயே மூடி வெச்சிருந்துச்சு. ஏண்ணே, ஏதாச்சும் கம்ப்ளெய்ன்டா?”

அன்று மத்தியானமே உத்தனப்பள்ளிக்குப் போனார். விலாசம் கேட்க வேண்டியிருந்தது. சாவுக்குக்கூட அந்த வீட்டுக்குப் போகாதவர் அவர்.

மாரிமுத்துவின் மனைவி பொற்கொடிக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. படகு வாங்கியவர் என்றதும் நாற்காலி போட்டாள். எஞ்சின் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டாள். பிறகு தானாகவே பேசினாள்.

“அவருக்குப் போட்டுன்னா உசுருங்க. லீவு நாள்னா அதுக்குள்ளதான் கெடப்பாரு. எதக் கழட்டுனாலும் கம்பெனி டேக்கு ஒண்ண மாட்டிருவாரு. மிக்ஸி கழுவுனாக்கூட மாட்டுவாரு, நான் சிரிப்பேன். அப்பேர்ப்பட்ட மனுசன் அன்னிக்கு மட்டும் டேக்கு மாட்ட மறந்துட்டாராம்.”

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தாங்க காரணம். வீடு ஒழுகுது, இப்ப போட்டு கேக்குதான்னு ஷிஃப்ட்டுக்குப் போறப்ப சண்ட போட்டேன். சாப்பிடாமப் போனாரு. அந்த நெனப்புலதான் மறந்திருக்காரு. எட்டு வருசமா இந்தப் போட்டப் பாக்கறப்பெல்லாம் நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு… அதான் வித்துட்டேன்.”

தன் பொய் இந்த வீட்டுக்குள் வந்து இத்தனை வருடம் என்ன வேலை செய்திருக்கிறது என்று வெள்ளைச்சாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. விசாரணையும் கோப்பும் கம்பெனியோடு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தார்.

நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பதினேழாம் எண் அட்டையை எடுத்து அவள்முன் வைத்தார்.

“மறக்கலம்மா. மாட்டியிருந்தாரு. நான்தான் வெட்டுனேன். நான்தான் பட்டன அமுக்குனேன். உள்ள இருக்கேன்னு கத்துனாரு… எனக்குக் கேட்டுச்சும்மா.”

பொற்கொடி கத்தவில்லை. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்தை விரலால் தடவினாள். எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தாள். பெட்டிக்குள் நீல யூனிஃபார்ம். யூனிஃபார்முக்கு அடியில் ஒரு டேக் கட்டு. கம்பெனி கொடுத்ததில் மாரிமுத்து பயன்படுத்தாமல் விட்டுப்போன மிச்சம். சாவன்று அவளே நூல் சுற்றி முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தது. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அறுத்தாள்.

முதல் அட்டையின் மூலையைப் பார்த்தாள். வெள்ளைச்சாமி பக்கம் திருப்பிக் காட்டினாள்.

எண் 18.

“பதினஞ்சுலருந்து எண்ணித்தாங்க கட்டி வெச்சேன்” என்றாள்.

வெள்ளைச்சாமி நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். எங்கே வரச் சொன்னாலும் வருவதாகச் சொன்னார். அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன்தான் நான். மறுநாள் காலையில் அவரோடு போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தும் வந்தேன்.

ஆனால் அவர் சொன்ன எதையும் பொற்கொடி கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பதினேழாம் நம்பர் டேக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் முதல்முறையாகப் புருஷனிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

“அப்ப… நீ மறக்கல.”