சித்தியின் வெள்ளைப் பேப்பர்

அன்று காலை மொட்டைமாடியில் இருந்தவர்கள்: அப்பா. காபி டம்ளரோடு அம்மா. அம்மாவின் இடுப்பில் தம்பி. வேடிக்கை பார்க்க ஏறி வந்த டீக்கடை பாய். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நான். மெஷினைத் திறக்கக் குனிந்திருந்த சித்தி.

போகி முடிந்து பொங்கல் காலை அது. கீழே கரும்பு சாத்தி வைத்திருந்தது. பானை இன்னும் ஏற்றவில்லை. முதலில் சித்தியின் பேப்பரைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

சித்தி என்பது அம்மாவின் தங்கை. எங்கள் சொந்தத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது, புகை, கரி, தூசி, கண்ணுக்குத் தெரியாத வாயு, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான் படிப்பு. எங்கள் வீடு சிதம்பரத்தில் கடலூர் ரோட்டுப் பக்கம். கீழே அப்பாவின் பங்சர் கடை, மேலே நாங்கள்.

"மாமா காத்து அடிச்சுக் குடுக்குறாரு. நான் காத்தைப் படிக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலுதான்" என்பாள் சித்தி.

அப்பாவுக்கு அதைக் கேட்டால் பெருமை தாங்காது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"காத்துக்குக்கூட டாக்டரா மச்சான்? காத்துக்கு என்ன சீக்கு?" என்று பாய் கேட்பார்.

"அதைத்தான் அவ கண்டுபிடிக்கிறா. நீ டீயைப் போடு."

மெஷின் இரண்டு. ஒன்று பல்கலைக்கழகத்தில் இருந்தது. இன்னொன்றை வைக்க ஊருக்குள் ஒரு மாடி வேண்டும் என்றதும் அப்பா எங்கள் மாடியைக் கொடுத்தார். தகரக் கூரை போட்ட ஒரு பெட்டி. உள்ளே மோட்டார். மிக்ஸி மாதிரி சத்தம் போட்டுக் காற்றை இழுக்கும். இழுத்த காற்று ஒரு வெள்ளைப் பேப்பர் வழியாகப் போகும். காற்றில் இருப்பது பேப்பரில் ஒட்டிக்கொள்ளும். சித்தி அதை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போய் எடை போடுவாள். கையால் தொடக் கூடாது.

மெஷின் வந்த புதிதில் அம்மா மாடியில் கல் கூட்டித் தென்னை மட்டை எரித்து வெந்நீர் போட்டாள். அன்றைக்குப் பேப்பர் கருத்துவிட்டது. சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போச்சுக்கா. இது ஊர் காத்து இல்ல. உன் அடுப்புக் காத்து."

அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட்டாள். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். பேப்பர் கருத்தால் ஃபெயில் என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான். அம்மாவும் அப்படியே எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாடியில் ஊதுவத்திகூட ஏற்றியதில்லை. துணி காயப் போட ஏறும்போதுகூட மெதுவாக நடப்பாள்.

இனி போகி.

எங்கள் கடையில் தேய்ந்த டயர் வருடம் முழுக்கச் சேரும். சைக்கிள் டயர், வண்டி டயர் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். போகிக்கு முந்தின நாள் சுற்றி நாலு தெருப் பையன்களும் வந்து வாங்கிப் போவார்கள். விடியும் முன்னே எரிப்பார்கள். மேளம் அடிப்பார்கள். காலையில் எதிர் வீடு தெரியாது.

அந்த நாளில் என் தம்பிக்கு இழுக்கும். நெஞ்சு குழி விழும். ஒவ்வொரு போகிக்கும் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவாள். மூக்கில் மூடி போட்டு மருந்தைப் புகையாக வைப்பார்கள். பொங்கலன்று கட்டிலில் உட்கார்ந்தே தூங்குவான். மார்கழிப் பனி அவனுக்கு ஆகாது என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

அந்த வருடம் சித்தி முந்தின நாள் சாயங்காலம் வந்து புதுப் பேப்பர் போட்டாள்.

"மாமா, வருஷம் பூரா எடுத்ததைவிட நாளைக்கு ஒரு நாள்தான் எனக்கு முக்கியம். இந்தப் பேப்பரை வெச்சுத்தான் மொத்தமும் முடியும். ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டு, அங்குள்ள மெஷினைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கிப் போய் மாடிப்படிக்குக் கீழ் இருந்த கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார்.

பையன்கள் வந்தார்கள்.

"டயர் இல்லடா."

"என்ன மாமா வெளாடுறியா? அதோ தெரியுது பாரு."

"தெரியும். தர மாட்டேன். நாலு தெருவுலயும் நாளைக்குப் புகை வரக் கூடாது. வரலைன்னா வருஷம் பூரா உங்க சைக்கிளுக்குக் காத்து ஃப்ரீ."

பையன்கள் கூடிப் பேசினார்கள். ஒருவன் கேட்டான்:

"பெரிய வண்டிக்கும் ஃப்ரீயா?"

"உங்கப்பன் வண்டிக்கா? சரி, அதுக்கும்தான். ஒழி."

பாய் டீக்கடையிலிருந்து சிரித்தார். "என்ன மச்சான், உங்க பண்டிகையை நீயே கேன்சல் பண்ணிட்ட?"

"மச்சினி பாஸ் ஆவணும் பாய்."

கரண்ட் போகக் கூடாது என்று அம்மா பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாள். விடிகாலையில் மேளம் மட்டும் அடித்தார்கள். ஒரு கிழிந்த கோரைப்பாயைச் சாஸ்திரத்துக்குக் கொளுத்தி உடனே தண்ணீர் ஊற்றினார்கள். எதிர் வீடு தெரிந்தது. எனக்கு அந்தப் போகி சப்பென்று இருந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் நாங்கள் மாடியில் நின்றது.

சித்தி பேப்பரை இடுக்கியால் எடுத்தாள். கொஞ்சம் மங்கலாக இருந்தது. அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தாள். மெஷினைத் தட்டினாள். தெருவை எட்டிப் பார்த்தாள். சாம்பலே இல்லை.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எப்படி? ஒரு கரி ஒட்டலை பாரு. நாலு தெரு டயரையும் பூட்டி வெச்சிட்டேன்ல."

சித்தி அப்பாவையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. அப்புறம் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாஸா ஃபெயிலா, அதைச் சொல்லு மொதல்ல" என்றார் பாய்.

"பாஸு பாய். மாமா பாஸு."

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் கை தட்டினேன். அப்பா பானை ஏற்றச் சொன்னார். அப்போது சித்தி அம்மாவிடம் கேட்டாள்:

"அக்கா, நேத்து தம்பிக்கு எப்படி இருந்துச்சு?"

"நேத்தா? ஒண்ணும் இல்லடி. ராத்திரி நல்லாத் தூங்கினான். மேளம் அடிச்சாங்களே, அதுக்குக்கூட முழிக்கல."

சித்தியின் சிரிப்பு நின்றது. டப்பாவைக் கீழே வைத்தாள். தம்பியை வாங்கி அவன் முதுகில் காது வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். விளையாடுகிறாள் என்று அவன் கிச்சுக்கிச்சு தாங்காமல் சிரித்தான்.

அடுத்த போகிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சித்தி லோடு ஆட்டோவோடு வந்தாள்.

"மாமா, இந்த வருஷமும் டயரைக் குடுக்காதீங்க."

"நீ சொல்லணுமா? பூட்டு போட்டபடி கெடக்குது."

"மெஷினை மட்டும் நான் கடலூர் ஓ.டி.க்கு, அந்தப் பழைய டவுனுக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க கூடப் படிக்கிற பொண்ணு வீடு இருக்கு."

அப்பா முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, போன வருஷம் பேப்பர் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா. அதான்."

 மெஷினை அப்பாவே தோளில் வைத்து இறக்கினார். ஆடாமல் இருக்க நாலு பக்கமும் பழைய டியூப் வைத்துக் கட்டினார்.

எனக்குக் கோபம். எங்கள் மாடி மட்டம், கடலூர் மாடி உசத்தியா? ஆட்டோ கிளம்பும்போது சித்தி கன்னத்தைக் கிள்ள வந்தாள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

கடலூரில் அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். எங்கள் மாடியில் எடுத்த பேப்பர்களோடு வைத்துப் பார்க்க ஒரு போகிப் பேப்பர் இல்லாமல் போயிற்று. பட்டம் வாங்குவது ஒரு வருடம் தள்ளிப்போனது. பேராசிரியரிடம் திட்டு வாங்கினாள். அந்தப் பொங்கலுக்கு வந்தபோது கண் சிவந்து, தொண்டை கட்டி, இருமிக்கொண்டே இருந்தாள். அவள் இருமினாள். தம்பி இருமவில்லை.

போகிப் புகையை அளக்க அந்தப் பேப்பர் கருக்கத்தான் வேண்டியிருந்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"எப்பவும் போல எரிக்கச் சொல்லுங்க மாமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ வேலை முடிஞ்சிருக்கும். பேப்பர் கருத்தா உன் தம்பிக்கு இழுக்கும்டி. 'வாய் வரைக்கும் வந்துச்சுக்கா, சொல்ல முடியல'ன்னா உன் சித்தி."

அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. மச்சினி டாக்டர் பட்டம் வாங்கியதற்குத் தான் பூட்டிய பூட்டுதான் காரணம் என்று இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். சித்தி பக்கத்தில் இருந்தால் ஆமாம் என்பாள்.

ஆட்டோ போன அன்று நான் யாரோடும் பேசாமல் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன். ரப்பர் நாற்றம். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சித்திக்கு எங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து அழுதேன். அழுது முடித்ததும் செய்ய ஒன்றும் இல்லை. எரியாமல் கிடந்த டயர்களைக் கம்பி வழியாக எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.