டெல்பர்ட் ஸ்டோல்ட்ஸ் பேர் விழுந்த வருஷம்

எங்கள் ஊர் தானியக் கிடங்கில் எடைமேடை பார்ப்பவள் வெர்னா ஸ்டோல்ட்ஸ். சோளம் ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நிற்கும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் ஒலிபெருக்கியில் எடையைச் சொல்வாள். லாரி நகரும், அடுத்தது வரும். நல்ல விளைச்சலோ மோசமான விளைச்சலோ, அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. இல்லினாய் ஆற்றின் இரு கரையிலும் அந்தக் குரலைத் தெரியாத விவசாயி இல்லை.

அவள் புருஷன் டெல்பர்ட் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். இருவருக்கும் வாத்து வேட்டைதான் உயிர். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவர் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது, சதுப்பில் இறங்கப் போடுகிற, மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை. "மத்தவளுங்களுக்கு மோதிரம், எனக்கு ரப்பர்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சொந்தமாகக் குளம் வைத்திருப்பவர்கள், கிளப்பில் சேர வசதி உள்ளவர்கள் கதை வேறு. எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கச் சதுப்பான மெரிட் ஏரிதான். தண்ணீருக்குள் கால்நட்டு, பலகை அடித்து, வாத்துக் கண்ணில் படாமலிருக்கப் புல்லும் வில்லோக் கிளையும் சுற்றிய மறைகுடில்கள் அங்கே கொஞ்சம்தான் உண்டு. ஆசைப்படுபவர்கள் ஏராளம். அதனால் ஜூலையில் குலுக்கல். பேர் விழுந்தவருக்கு அந்தப் பருவம் முழுக்க ஒரு குடில், கூட இரண்டு துணையாள். விடியும் நேரத்துக்குள் அவர் வரவில்லையென்றால் அன்றைக்கு அது யாருக்கு வேண்டுமானாலும் போகும்.

குடில்களில் ஏழாம் நம்பருக்குத்தான் அடிதடி. வடகாற்று அடித்தால் வாத்துகள் ஒதுங்குவது அந்த முனையில். டெல்பர்ட் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஒரு வருஷம்கூட அவருக்குப் பேர் விழுந்ததில்லை. மற்றவர்கள் வேட்டை பக்கமே வராத சொந்தக்காரர்களையெல்லாம் வேனில் ஏற்றிவந்து ஆளுக்கொரு சீட்டுப் போடுவார்கள். லைசென்ஸ் இருந்தால் சட்டப்படி தப்பில்லை. டெல்பர்ட் அதைச் செய்யமாட்டார். அவருக்கு ஒன்று, வெர்னாவுக்கு ஒன்று, அவ்வளவுதான். மகள் வேட்டையை விட்டுவிட்டு அரிசோனாவுக்குப் போனபின் அவள் பேரையும் நிறுத்திவிட்டார். ஏரியிலும் அப்படித்தான். அடுத்தவன் மிதக்கவிட்ட பொம்மை வாத்துகளை நம்பி இறங்கும் பறவையை அவர் சுட்டதில்லை. விடிந்தபின் அடுத்தவன் முன்னால் படகை ஓட்டியதுமில்லை.

அவருடைய கூட்டாளி ராட்னி கெம்ப். கூரை வேய்பவன், வாய் ஓயாதவன். டெல்பர்டும் வெர்னாவும் அவனும் ஒரே படகில் போய், ஒரே பிளாஸ்க்கில் காப்பி குடித்து வளர்ந்த சிநேகம்.

மார்ச் மாதம் டெல்பர்ட் வீட்டு வாசலில் படகு வண்டியின் கொக்கியை மாட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. இதயம்.

வெர்னா அழவில்லை. மகள் வந்து எல்லாருக்கும் போன் பண்ணினாள், பாதிரியாரிடம் பேசினாள், செய்தித்தாளுக்குச் சொன்னாள். அக்கம்பக்கத்தார் நூடுல்ஸும் சீஸுமாக வேகவைத்து டிரே டிரேயாகக் கொண்டுவந்து வைத்தார்கள். வெர்னா கொஞ்சம் சாப்பிட்டாள், மிச்சத்தைக் கொட்டினாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். "எப்படி இருக்கே?" என்று கேட்டவர்களிடம் "இருக்கேன்" என்றாள். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ராட்னிக்கு டெல்பர்டின் வேட்டைக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். பைகளைத் தடவிப் பார்க்கவில்லை. அடுத்த நாளே எடைமேடைக்குப் போய்விட்டாள்.

ஜூலையில் குலுக்கலுக்கும் போனாள். வருஷாவருஷம் போகிற இடம், கார் தானாகப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பொருட்காட்சி மைதானத்துத் தகரக் கொட்டகை. உள்ளே அனல். பன்றிக்கறி சாண்ட்விச் விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். துணி காயவைக்கும் பழைய மெஷினின் உருளையைக் கழற்றிச் சீட்டுப் போட வைத்திருந்தார்கள். ப்ரூபேக்கர் குடும்பம் வழக்கம்போல் வேன் நிறைய ஆளோடு வந்து இறங்கியது.

"ஏம்ப்பா, உன் மச்சினிக்கு வாத்துன்னா என்னன்னாவது தெரியுமா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஏன் தெரியாது? தட்டுல, ஆரஞ்சு சாஸோட வரும்."

கொட்டகை சிரித்தது. வெர்னா நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

மேடையில் ஜனீன் ஓக்ஸ். ஏரிக்குப் புதிதாக வந்த அதிகாரி, வேறு ஜில்லாக்காரி. உருளையைச் சுற்றுவாள், கையை விடுவாள், பேரைப் படிப்பாள். பேர் விழுந்தவன் லைசென்ஸோடு மேடைக்குப் போய்க் குடிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் வயிறெரிந்தாலும் கை தட்டுவார்கள். அது மரியாதை. சில பேர்கள் போயின. ஏழாம் நம்பரை இன்னும் யாரும் எடுக்கவில்லை. முதலில் விழுந்தவர்கள் தெற்கே இருந்து வந்தவர்கள், ஏழின் அருமை தெரியாமல் கரையோரக் குடிலாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

"டெல்பர்ட் ஸ்டோல்ட்ஸ்" என்று ஜனீன் படித்தாள்.

அப்பாடா, விழுந்துவிட்டது என்றுதான் வெர்னாவுக்கு முதலில் தோன்றியதாம். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாளாம், அவர் முகம் எப்படி இருக்கிறது என்று.

அதற்குள் பின்வரிசையிலிருந்து ராட்னி எழுந்து நடந்தான். கையில் டெல்பர்டின் ஆயுட்கால லைசென்ஸ் அட்டை. அதில் போட்டோ கிடையாது. "இதோ வந்துட்டேன்" என்றான்.

கொட்டகையில் பாதிப் பேர் டெல்பர்டைப் புதைத்த இடத்தில் நின்றவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவன் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். இன்னொருவன் சாண்ட்விச்சைக் கடித்தவன், மெல்லாமல் அப்படியே இருந்தான். எங்கள் பக்கம் கொலைகூட மன்னிக்கப்படும், காட்டிக்கொடுத்தவனுக்கு மன்னிப்பில்லை.

வெர்னா எழுந்து மேடைப்பக்கம் போனாள்.

"மேடம், அந்தப் பேரை எடுத்துடுங்க."

"நீங்க யாரு?"

"அவரோட சம்சாரம்."

ஜனீனுக்குப் புரியவில்லை. "அவருதான் இங்க நிக்கிறாரேம்மா."

"இது ராட்னி கெம்ப். என் வீட்டுக்காரர் மார்ச் மாசம் செத்துப்போயிட்டார்."

மைக் பக்கத்தில் இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. லாரி எடை சொல்லும் அதே குரல்.

ராட்னி முகம் வெளுத்துவிட்டது. "வெர்னா… உனக்கும் சேர்த்துத்தான்மா… நாம மூணு பேரும்…" என்று ஆரம்பித்தவன், எண்ணிக்கை இடித்ததோ என்னவோ, நிறுத்திக்கொண்டான். ஜனீன் அட்டையை வாங்கிக்கொண்டு அவனை வெளியே போகச் சொன்னாள். இரண்டு பருவம் அரசாங்க நீர்நிலை எதிலும் அவன் வேட்டையாடக் கூடாது, குலுக்கலுக்கும் வரக் கூடாது என்று பிறகு உத்தரவு வந்தது.

மறுபடி உருளை சுற்றியது. "டெரன்ஸ் ஓபி." பியோரியாவில் வெல்டிங் வேலை பார்ப்பவன். வருஷாவருஷம் ஒற்றைச் சீட்டோடு தனியாக வந்து வெறுங்கையோடு திரும்புகிற ஆள். அவன் ஏழாம் நம்பரை எடுத்தான். கை தட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஏதோ திருடியவன்போல் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினான். வெர்னாவின் சீட்டு அன்றைக்கு விழவேயில்லை.

அதற்கப்புறம் ஊர் இரண்டாகப் பேசியது. "செஞ்சது சரிதான்" என்றவர்கள் அதை மெதுவாகச் சொன்னார்கள். "தனியாக் கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கலாம், மைக்லயா சொல்றது?" என்றவர்கள் சத்தமாகச் சொன்னார்கள். மளிகைக் கடையில் ராட்னியின் மனைவி கானி வெர்னாவைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அறுவடை தொடங்கியதும் ஒரு லாரிக்காரன் சன்னலைத் தட்டினான்.

"எடையைப் பார்த்துச் சொல்லு வெர்னா. கூடக் குறைய இருந்தா உன்னைப் பத்தி நாங்க மைக்ல சொல்லிடுவோம்."

வெர்னா அவன் எடையைச் சொன்னாள். அவன் போனான்.

வலித்ததா என்று பிற்பாடு அவளைக் கேட்டிருக்கிறார்கள். "வலிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றாள். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்ததாம் முழு உடம்பும். நின்றுகொண்டே சாப்பிட்டாள். டிவியை ஊமையாக ஓடவிட்டு அதன்முன் தூங்கினாள்.

நவம்பரில் பருவம் திறந்தது. ஆள் வராத குடில்களுக்கு அதிகாலையில் ஏரி ஆபீஸில் ஒரு சின்னக் குலுக்கல் நடக்கும். வெர்னா அதற்குத் தனியாகப் போனாள். கிடைத்தால் குடில், கிடைக்காவிட்டால் புல்லோரம் படகை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு நேராக வேலைக்கு. வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டே நின்றார்கள்.

ஒருநாள் டெரன்ஸ் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்க குடில்ல ஒரு இடம் இருக்கும்மா. கூட வர்ற என் தங்கச்சிக்கு இன்னிக்கு வேலை. வர்றீங்களா?"

"வேணாம்ப்பா."

"பரிதாபப்பட்டுக் கூப்பிடல. எனக்குக் குழல் ஊதி வாத்து மாதிரிக் குரல் குடுக்கவே வராது. நேத்து நான் ஊதினதுல, நின்னுட்டிருந்த நாரைகூடப் பறந்து போயிடுச்சு."

அவள் போனாள். மறுக்கத் தெம்பு வேண்டியிருந்தது, போவதற்கு வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் நம்பர் டெல்பர்ட் சொன்னபடியேதான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் வடகாற்று, முன்னால் அசையாத தண்ணீர். விடிந்து சற்று நேரத்தில் பச்சைத்தலை வாத்துக் கூட்டம் ஒன்று உயரத்தில் வந்தது. வெர்னா ஊதினாள். கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கையை வளைத்து, காலை நீட்டியது.

"இப்ப" என்றாள்.

டெரன்ஸ் சுட்டான், அவளும் சுட்டாள். அவன் குழந்தை மாதிரிக் குதித்ததில் பலகைகள் ஆடின. வெர்னா தன் பறவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுத்தம் செய்து, வெங்காயத்தோடு வாட்டி, நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

டிசம்பரில் யாரும் எதிர்பாராத குளிர் விழுந்தது. ஏரி உறையத் தொடங்கிவிட்டது. டெரன்ஸ் போன் பண்ணினான். அவனுக்கு ஓவர்டைம், விட்டுவரமுடியாது. பொம்மை வாத்துகள் எல்லாம் தண்ணீரில் கிடக்கின்றன. பனிக்கட்டி இறுகினால் கயிறும் போகும் பொம்மையும் போகும். "கேக்கவே சங்கடமா இருக்கும்மா" என்றான்.

தனியாளாக முடிகிற வேலையில்லை. வெர்னா போனைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். உடைபனியில் படகு ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்தான்.

"ராட்னி, நாளைக்கு மதியம் சும்மா இருக்கியா?"

"எனக்கு ஏரியில தடையாச்சே."

"வேட்டைக்குத்தான் தடை. பொம்மை பொறுக்கத் தடையில்ல. ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

"யாரோட பொம்மை?"

"ஏழாம் நம்பரு."

"ரொம்ப நல்லாயிருக்கு" என்றான் ராட்னி. வந்தான்.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது, சூடு மட்டும் இல்லை. ராட்னி முன்னால் நின்று துடுப்பால் பனியைக் குத்தி உடைத்தான். வெர்னா கயிற்றைப் பிடித்து இழுத்துப் பொம்மைகளைச் சாக்கில் போட்டாள். எந்நேரமும் பேசுகிறவன் பேசாமல் இருந்ததில் படகே கனத்துப்போனது மாதிரி இருந்ததாம்.

கடைசியில் அவனே ஆரம்பித்தான். "நீ பேசாம இருந்திருக்கலாம் வெர்னா."

"நீ பேரைப் போடாம இருந்திருக்கலாம்."

"இந்த நம்பருக்காகத்தான் போட்டேன்னு நெனைக்கிறே."

"ஆமா."

அவன் பனியை இரண்டு குத்துக் குத்தினான். "பாதி அதுக்குத்தான்."

"மிச்சப் பாதி?"

"கோட்டுப் பையில கை விட்டேன், அட்டை வந்துச்சு. குலுக்கல் அன்னிக்குப் பேர் பதியற இடத்துல சும்மாதான் நீட்டினேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டினா. அவன் பேரு வந்துச்சு. 'சரி, மிஸ்டர் ஸ்டோல்ட்ஸ், உள்ள போங்க'ன்னா. யாருக்கும் அவன் போனது தெரியாத மாதிரி… ஒரு இடத்துலயாவது அவன் இன்னும் இருக்கிற மாதிரி இருந்துச்சு. இல்லன்னு சொல்ல வாய் வரல."

வெர்னா கையிலிருந்த பொம்மையின் கயிற்றைச் சுற்றி முடித்தாள்.

"எனக்கும் வரல. எல்லாருக்கும் என் பொண்ணுதான் சொன்னா. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, ராட்னி. உன்கிட்டகூட. அந்த மைக்லதான் முதல்தடவையாச் சொன்னேன். அவர் செத்துட்டார்னு."

ராட்னி துடுப்பைக் கீழே வைத்தான். கையுறையால் முகத்தைத் துடைத்தான். அதிலிருந்த பனித்தூள் தாடியெல்லாம் ஒட்டிக்கொண்டது. வெர்னா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நனையவில்லை. ஆனால் அவன் அழுது முடிக்கட்டும் என்று அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போதும், கட்டி இறுகுது. குத்து" என்றாள் பிறகு.

பொழுது சாய்வதற்குள் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். சில பொம்மைகள் பனிக்கடியில் போயின. ராட்னியின் வண்டியில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தின்றார்கள். கடுகுச் சாஸ் அதிகம் என்று அவன் குறை சொன்னான். நன்றாகவே சாப்பிட்டான். டெரன்ஸ் அடுத்த வாரம் வந்து சாக்குகளை எடுத்துக்கொண்டு, அவனே செய்த மான் சாஸேஜ் கொடுத்துவிட்டுப் போனான். கானி இன்னும் வெர்னாவோடு பேசுவதில்லை.

அடுத்த ஜூலையில் வெர்னாவின் காரில் பேட்டரி உயிரை விட்டிருந்தது. ராட்னிதான் மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டான். அவன் உள்ளே வரக்கூடாது. மர நிழலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். அவள் வெளியே வந்ததும் கேட்டான்.

"விழுந்துச்சா?"

"இல்ல."

"ஏழு யாருக்கு?"

"யாரோ ஒரு நர்ஸ். அவளே சுடுவாளாம்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். கடை மூடுவதற்குள் பேட்டரி வாங்க வேண்டியிருந்தது.