நான்காவது புள்ளி

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. போன வாரம் வரை மாமா வீட்டு நண்டுவலைக்கு மிதவையாகப் பழவேற்காடு ஏரியில் கிடந்தது. அதில் கறுப்புப் பெயிண்டில் ஒரு சீன எழுத்து, 魚. அடியில் நான்கு புள்ளிகள். மூன்று கறுப்பு, கடைசி ஒன்று மட்டும் நீலம்.

எழுதியவள் அத்தை, என் தாய்மாமாவின் மனைவி. வலை யாருடையது என்று தெரிய மிதவையில் ஒரு குறி போடுவது எங்கள் ஊர் வழக்கம். மாதா கோயில் ஊர் என்பதால் எல்லோரும் சிலுவையே போட்டார்கள். பிறகு யார் வலையை யார் தூக்கினார்கள் என்று கரையில் ஓயாத சண்டை. அத்தைக்கு அலுத்துப்போனது. வலை வந்த அட்டைப்பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்து எல்லா மிதவைகளிலும் தீட்டிவிட்டாள்.

அந்த வாரமே நண்டு குறைந்தது. "இன்னா எழுத்துனே தெரியாம ஏரில போட்டுக்கீறியேமே, சாவு எழுத்தா இருந்தா?" என்று மாமா ஏரிக்குப் போகவே மறுத்துவிட்டார். விளையாட்டில்லை, மனிதர் உண்மையிலேயே பயந்துவிட்டார். படகு கரையில் கிடந்தால் அடுப்பு எப்படி எரியும்? அத்தை எனக்குப் போன் செய்தாள். "உன் கம்பெனில சீனாக்காரங்க கீறாங்கல்ல? கேட்டுனு வா. கெட்டதா இருந்தா நானே சொரண்டிடறேன்."

மீஞ்சூர் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஒரு தைவான் பெண்மணி. அத்தைக்கு அவரும் சீனாக்காரர்தான். போனில் படத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார். தாளில் ஒரு மீனைத் தலை மேலே இருக்கும்படி நிற்கவைத்து வரைந்தார். அந்தக் காலத்தில் எழுத்தே இதுதானாம். போகப்போகத் தலை ஒரு கொக்கியானது, செதில் உடம்பு கட்டம் போட்ட சதுரமானது, வால் நான்கு புள்ளிகளானது. பொருள் மீன், அவ்வளவுதான். உங்கள் அத்தை வாலில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார் என்றார்.

ஊருக்குப் போய்ச் சொன்னேன். மாமா ஒரு மிதவையை எடுத்துப் புள்ளிகளை எண்ணினார். "வாலு கொறைச்சலா இருந்தா எப்டி நீந்தும்? அதான் ஒண்ணும் வரல" என்றவர், படகுக்குப் பூசி மிஞ்சியிருந்த நீலப் பெயிண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே நான்காவது புள்ளியை வைத்தார். மறுநாள் வலை போட்டார். நண்டும் வந்தது. காற்று திரும்பியதால்தான் என்பது என் எண்ணம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் ஊருக்குள் பரவாமல் இருக்குமா? இன்று எங்கள் கரையில் எல்லோர் மிதவையிலும் அந்த எழுத்துதான், நீலப் புள்ளி உட்பட. மறுபடியும் அதே சண்டை. போன வாரம் போனபோது அத்தை தன் மிதவைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கேனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"இப்ப இன்னா போடப்போற அத்தை?"

"சிலுவைதான்" என்றாள். "இப்ப அது நம்ம ஒருத்தருதுதான்."