விரலை விடாத மெட்டி

போன மழைக்காலம். மதிய நேரம். மும்பை ஹார்பர் லைன் ரயிலிலிருந்து செம்பூர் ஸ்டேஷனில் இறங்கப் போனேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை தலையில் இட்லிப் பாத்திரத்தோடு நடந்து விற்று, பிறகு மெஸ் வைத்து, செம்பூரில் வீடே வாங்கினேன். அப்போதெல்லாம் என் நடைக்கு ஆம்பிளைகள் ஓடித்தான் வர வேண்டும். கையிலிருக்கும் தூக்குவாளியில் சாம்பார் ஒரு சொட்டு சிந்தாது. விடிகிற நேரத்து ஈரத் தெருவும் தலையில் இறங்கும் பாத்திரத்துச் சூடும் நினைவுக்கு வந்தால் இப்போதும் கால் துறுதுறுக்கிறது.

வயதான பிறகு கால் பெருவிரலின் அடி எலும்பு வெளியே புடைத்து, விரல் சாய்ந்து பக்கத்து விரல்மேல் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்து விரலில்தான் மெட்டி. பெருவிரலை ஊன்றினால் மெட்டி கடிக்கும். அதனால் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி வாத்து மாதிரி நடக்கப் பழகியிருந்தேன். டாக்டர் அகலச் செருப்பு போடச் சொன்னார், போட்டேன். மெட்டியைக் கழற்றச் சொன்னார், முடியாது என்றேன். வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எப்படிக் கழற்றுவது?

அன்று இறங்கும்போது விரல் ஊன்றவில்லை. கால் வழுக்கி, வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போய்விட்டது. முன்னால் இறங்கியிருந்த மராட்டிக்காரப் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், இடுப்போடு கட்டிப்பிடித்து மேலே இழுத்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

பெஞ்சில் உட்காரவைத்து என் விரலைப் பார்த்தாள். ரத்தம் கட்டியிருந்தது. தன் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். அதே புடைப்பு, அதே சாய்ந்த விரல். மெட்டி மட்டும் இல்லை. கழுத்திலோ கருகமணித் தாலி கிடந்தது.

"ஆத்மி ஹை க்யா?" புருஷன் இருக்கிறாரா என்று கேட்டேவிட்டேன்.

இருக்கிறார், வீட்டில் தூங்குகிறார், அவரேதான் கழற்றிவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் கல்யாணங்களில் அம்மிமேல் காலை வைத்து மெட்டி போட்டுவிடுவது மாப்பிள்ளைதான். போட்டவரையே கழற்றச் சொல்லலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லையோ.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னால் காலை நீட்டினேன். சோப்பு நுரை தடவி மெல்ல உருட்டினார்.

"ஏட்டி, நா உசுரோட இருக்கேன்னு ஊருக்குச் சொல்ல ஒன் வெரலு நசுங்கணுமா? நாந்தான் தெனமும் கத்துதேம்லா, அது போதாதா?" என்றவர், மெட்டி கழன்றதும், "அன்னைக்கு அம்மியில பூ மாரி இருந்துச்சி. இப்பம் இஞ்சிக் கெழங்கால்லா இருக்கு" என்றார்.

"இந்த இஞ்சி நடந்துதான் இந்த வீடு வந்துச்சி" என்றேன்.

இப்போது பெருவிரல் தரையில் படுகிறது. மெதுவாக என்றாலும் பயமில்லாமல் நடக்கிறேன். பெயரைக்கூடக் கேட்காமல் விட்ட அந்தப் பெண்ணைத் தினமும் நினைக்கிறேன். வெறும் விரலைப் பார்த்து யாராவது கேட்டால், போட்டவரே கழற்றினார் என்று சொல்லும்போது, மணவறையில் வந்த அதே வெட்கம் இந்த வயதிலும் வருகிறது.